டிரைக்கோடெர்மா, வேம், தொழு உரம்: எங்கே தவறு நடக்கிறது?

பயிர்நோயைத் தடுக்கும் பூஞ்சாணமான டிரைக்கோடெர்மா விரிடி பாக்கெட் இன்று சின்ன ஊர் உரக்கடையிலும் கிடைக்கிறது. வேர் உட்பூசணமான வேமும் (VAM) அப்படித்தான். ஆனால் வாங்கிப் போட்டவர்களில் பலர், "போட்டேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை" என்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் காரணம் ஒன்றுதான். உயிருள்ள ஒன்றை யூரியா மாதிரி கையாண்டிருப்பார்கள்.

இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் என்று நினைப்பது முதல் குழப்பம். டிரைக்கோடெர்மா மட்கும் பொருளைத் தின்று வளர்வது. நாற்றழுகல், வேரழுகல், வாடல் நோய்களை உண்டாக்கும் பூஞ்சாணங்களோடு போட்டி போட்டு, அவற்றின் இழைகளைச் சுற்றிப் பிடித்துக் கரைத்து உண்ணும். வேம் பயிரின் வேருக்குள் குடியிருந்து, வேர் எட்டாத தூரத்திலிருந்து மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) துத்தநாகமும் கொண்டுவந்து கொடுக்கும். பதிலுக்குச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். மிளகாய் நாற்று அழுகுகிறது என்று வேம் மட்டும் போட்டால் அது போதாது.

இதிலிருந்துதான் அடுத்த தவறும் வருகிறது. டிரைக்கோடெர்மாவைத் தொழு உரத்தில் பெருக்கலாம் என்று கேள்விப்பட்டு, வேமையும் குப்பைமேட்டில் கலந்து மூடிவைக்கிறார்கள். உயிருள்ள வேர் இல்லாமல் வேம் பெருகாது. அதைத் தயாரிப்பவர்களே சோளம், மக்காச்சோளம் போன்ற பயிர்களை வளர்த்து, அந்த வேரில்தான் பெருக்குகிறார்கள். எனவே வேமை வேர் தொடும் இடத்தில் வைக்க வேண்டும். நாற்றங்காலில் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் எடுத்து, விதைக்குக் கீழே 2 அல்லது 3 செ.மீ. ஆழத்தில் பரப்புங்கள். நாற்றிலேயே வேர் பிடித்துவிட்டால் நட்ட வயலுக்குத் தானாகப் போய்ச் சேரும். வளர்ந்த பயிரின் தலைக்கு மேல் தூவுவது வீண்செலவு.

எல்லாப் பயிருக்கும் வேம் ஒட்டாது என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகிய குடும்பம் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. பீட்ரூட்டும் பாலக்கீரையும் அதே கதைதான். ஒட்டும் பயிரிலும் அடியுரமாக, மணிச்சத்து நிறைந்த டி.ஏ.பி. உரத்தை அள்ளிக் கொட்டினால் வேம் அடங்கிவிடும். மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது செடி அந்தப் பூஞ்சாணத்துக்குச் சர்க்கரை செலவழிக்காது. முதலில் மண் பரிசோதனை செய்து, மணிச்சத்து ஏற்கெனவே அதிகம் என்று வந்தால் வேமுக்குக் காசு போடாதீர்கள்.

சரி, தொழு உரத்துக்கு வருவோம். அதிகம் கெடுவது இங்கேதான். நன்றாக வேகும் கம்போஸ்ட் குவியலின் உள்ளே வெப்பம் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை போகும். களைவிதையும் நோய்க்கிருமியும் சாக அந்தச் சூடு தேவை. ஆனால் அந்த நேரத்தில் டிரைக்கோடெர்மாவைக் கலந்தால் அதுவும் சேர்ந்து வெந்துபோகும். அதற்குப் பிடித்தது 25 முதல் 30 டிகிரி. குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். சூடு முழுக்க ஆறி, சாண வாடை போய் மண்வாசனை வந்த பிறகு கலக்கலாம். 100 கிலோ மட்கிய தொழு உரத்துக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மா போதும். நிழலில் குவித்து மூடி, ஒரு வாரமாவது வைத்திருந்து, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். ஈரம் புட்டுமாவு பதத்தில் இருக்கட்டும்: பிடித்தால் பிடிபட வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வடியக் கூடாது. சொதசொதவென்று இருந்தால் காற்று இல்லாமல் நாற்றமடிக்கும், பூஞ்சாணமும் பெருகாது.

அரைகுறையாக மட்கிய சாணத்தை வயலில் போடுவதை நான் கடுமையாகவே எதிர்ப்பேன். மட்காத பொருளை மட்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜன்) இழுத்துக்கொள்ளும். எரு போட்ட பிறகும் பயிர் வெளுப்பது அதனால்தான். வேர்ப்புழுவும் அந்தச் சாணத்தோடு வயலுக்கு வந்துவிடும். தென்னந்தோப்பில் இன்னும் மோசம், காண்டாமிருக வண்டு முட்டையிடுவதே எருக்குழியில்தான். அந்தப் புழுவை அழிக்க மெட்டாரைசியம் என்ற வேறொரு பூஞ்சாணத்தை எருக்குழியிலேயே விடலாம்.

தென்னை நார்க்கழிவிலும் இதே சிக்கல். பச்சை நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 100 பங்குக்கு மேல் கரிமம் (கார்பன்) இருக்கிறது. நன்கு மட்கிய உரத்தில் அது 20 பங்கை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 பாட்டில் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கி மட்கவைப்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை. அதனுள் டிரைக்கோடெர்மாவைக் கொண்டுபோகாதீர்கள், அது சிப்பிக்காளானையே தாக்கும். காளான் பண்ணைக்காரர்கள் பயப்படும் பச்சைப் பூசணம் இதே இனம்தான். வீட்டில் காளான் குடில் இருந்தால் கலப்பதும் குவிப்பதும் அதற்கு வெகுதூரத்தில் நடக்கட்டும்.

அப்புறம், பூஞ்சாணக்கொல்லி. கார்பென்டாசிம் ஊற்றிய மண்ணில் மறுநாளே டிரைக்கோடெர்மா இடுபவர்கள் இருக்கிறார்கள். மருந்துக்கு நல்ல பூஞ்சாணம், கெட்ட பூஞ்சாணம் என்று தெரியாது. இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். விதை நேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கணக்கு. ஆனால் கம்பெனியிலிருந்தே மருந்து பூசிச் சிவப்பாக வரும் விதையில் அதைப் பூசிப் பயனில்லை. அந்தப் பங்கைத் தொழு உரத்தில் கலந்து மண்ணில் இடுங்கள்.

டால்க் பவுடரில் வரும் டிரைக்கோடெர்மாவைச் சொட்டுநீர்க் குழாயில் விட்டால் துளைகள் அடைத்துக்கொள்ளும். பாக்கெட்டில் காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள், வெயில்படும் இடத்தில் வைக்காதீர்கள், வயலில் ஈரம் இருக்கும்போது மாலையில் இடுங்கள்.

மஞ்சள் கிழங்கு பாதி அழுகிய பிறகு டிரைக்கோடெர்மா தேடி ஓடுவதும் அடிக்கடி நடக்கிறது. அது வருமுன் காப்பது, அழுகிய கிழங்கை மீட்காது. விதைக்கிழங்கு நடும்போதே மண்ணில் இருக்க வேண்டும். வேம் வேலை செய்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. எருவின் மேல் படரும் வெள்ளை இழையைக் காட்டி "வேம் பிடித்துவிட்டது" என்கிறார்கள், அது வேறு பூசணம். வேருக்குள் இருப்பதைச் சாயமேற்றி நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். நம்மால் முடிந்தது, நாற்றங்காலில் ஒரு பாத்தியை வேம் இல்லாமல் விட்டு, மற்றதெல்லாம் ஒரே மாதிரி செய்து, இரண்டு பாத்தி நாற்றையும் வயலில் தனித்தனியாக நட்டு, மகசூலை எடைபோட்டுப் பார்ப்பது.