நெல்லையிலிருந்து இமயத்துப் பனியைப் பார்ப்பது எப்படி? செயற்கைக்கோள் படம் படிக்க முதல் பாடம்

நம் பக்கத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் வாழை இலையில் சொட்டும் ஈரம். மாஞ்சோலைக்குப் போனாலும் மூடுபனிதான். இங்கே சொல்லப்போவது லடாக்கிலும் காஷ்மீரிலும் தரையை மூடும் வெண்பனியை, வீட்டுக் கணினியில் செலவில்லாமல் பார்க்கும் வழி. கைபேசியிலும் திறக்கும். ஆனால் சிறிய திரையில் பனியையும் மேகத்தையும் பிரித்தறிவது சிரமம்.

படி 1: புள்ளியின் அளவைப் பழகுங்கள்

பனியைத் தேடுமுன், தெரிந்த இடத்தைப் பாருங்கள். நெல்லையப்பர் கோயில் வளாகம் சுமார் 850 அடி நீளம், 756 அடி அகலம். நாசாவின் ‘வேர்ல்ட்வியூ’ தளத்தில் வரும் மோடிஸ் கருவியின் படத்தில் ஒரு புள்ளி (பிக்சல்) தரையில் 250 மீட்டர். அதாவது மொத்தக் கோயிலும் ஒரே புள்ளி. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர். அதே கோயில் நீளவாக்கில் 26, அகலவாக்கில் 23 புள்ளிகளாக விரியும். பிராகாரங்களின் அமைப்பு புரியும், ஆள் தெரியமாட்டார். இஸ்ரோவின் கார்ட்டோசாட்-3 கருப்பு வெள்ளையில் 25 சென்டிமீட்டர் வரை போகும். அந்தப் படங்கள் இப்படித் தினமும் இலவசமாகக் கிடைப்பவை அல்ல. நமக்கு முதல் இரண்டும் போதும்.

படி 2: வேர்ல்ட்வியூவில் தேதியும் இடமும்

தளத்தைத் திறந்து, கீழே உள்ள காலக்கோட்டில் ஜனவரி மாதத்துத் தேதி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்தை லடாக்கின் சோ மோரிரி ஏரிக்கு நகர்த்துங்கள். கூந்தன்குளத்துக்கு வருகிற வரித்தலை வாத்து இனம் முட்டையிடும் ஏரிகளில் அதுவும் ஒன்று. குளிர்காலத்தில் உறைந்துவிடும், கோடையில் நீலமாக விரியும் என்பதால் பழகுவதற்கு ஏற்ற இடம்.

படி 3: மேகமா, பனியா?

தொடக்கக்காரர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இரண்டுமே வெள்ளை. ஆனால் 1.6 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியைப் பனி உறிஞ்சிக்கொள்ளும். மேகத்தின் நீர்த்துளிகள் மிகச் சிறியவை, அதனால் அந்த ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். இந்த வேறுபாட்டைத்தான் நிறமாக மாற்றிப் பார்க்கிறோம்.

‘ஆட் லேயர்ஸ்’ பொத்தானை அழுத்தி, டெரா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸின் ‘பேண்ட்ஸ் 3-6-7’ அடுக்கை (3, 6, 7-வது அலைவரிசைகளைச் சேர்த்த படம்) சேருங்கள். பனியும் பனிக்கட்டியும் சிவப்பாக மாறும். நீர்த்துளி மேகம் வெள்ளையாகவே நிற்கும். உயரத்தில் மிதக்கும் பனித்துகள் மேகம் இரண்டுக்கும் நடுவே வெளிறிய ஆரஞ்சாக வரும். அதைத் தரைப்பனி என்று எண்ணிவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் அடுத்த நாள் படத்தைப் பாருங்கள்: மேகம் நகர்ந்திருக்கும், பனி பள்ளத்தாக்கின் வடிவத்தோடு ஒட்டிக் கிடக்கும். இதே அடுக்கை அக்வா செயற்கைக்கோளில் தேடாதீர்கள், அதன் 6-வது அலைவரிசை உணரிகளில் பெரும்பாலானவை பழுது.

படி 4: 10 மீட்டருக்கு இறங்குங்கள்

‘கோப்பர்நிக்கஸ் பிரவுசர்’ தளத்தில் சென்டினல்-2, எல்2ஏ (காற்றுமண்டலத்தின் பாதிப்பை நீக்கிய படம்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேக அளவு வடிகட்டியை 100 சதவீதத்தில் வையுங்கள். 20 என்று வைத்தால் நல்ல பனிப் படங்களே காணாமல் போகலாம், ஏனென்றால் தானியங்கிக் கணக்கு பளிச்சென்ற பனியைச் சில நேரம் மேகமாக எண்ணிவிடுகிறது. ஒரே இடத்துக்குப் பொதுவாக 5 நாளுக்கு ஒரு படம். காட்டப்படும் நேரம் உலகப் பொது நேரம். 5 மணி 30 நிமிடம் கூட்டினால் நம் நேரம் வரும்.

‘கஸ்டம்’ பகுதியில் ‘காம்போசிட்’ திறந்து, சிவப்புக்கு பி04, பச்சைக்கு பி11, நீலத்துக்கு பி12 வையுங்கள் (இவை அலைவரிசைகளின் பெயர்கள்). இங்கேயும் பனி சிவப்புதான். பி11, பி12 இரண்டும் 20 மீட்டர் புள்ளிகள், ஆகவே விளிம்பு சற்று மழுங்கலாக வரும். கூர்மை வேண்டுமானால் இயல்பு நிறப் படத்துக்குத் திரும்புங்கள். அதில் பனி வெளுத்துப்போய் மடிப்புகள் தெரியாவிட்டால் ‘எஃபெக்ட்ஸ்’ பகுதியில் ‘கெய்ன்’ அளவை 1-லிருந்து 0.5-க்குக் குறையுங்கள்.

இப்போது காஷ்மீரையும் லடாக்கையும் இணைக்கும் ஜோஜிலா கணவாய்ப் பக்கம் போங்கள். பனி அகற்றிய சாலை 10 மீட்டரைவிடக் குறுகலாக இருந்தாலும் கருங்கோடாகத் தெரியக்கூடும். வெள்ளைக்கு நடுவே கருப்பு இருந்தால், புள்ளியின் ஒரு பங்கை மட்டும் பிடித்தாலே அந்தப் புள்ளி முழுதும் மங்கிவிடும். அதே அகலச் சாலை மழைக்காலத்துப் பழுப்பு மண்ணில் கரைந்துபோகும். படத்தில் என்ன தெரியும் என்பதை மீட்டர் கணக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை.

படி 5: பனிக் குறியீடு

‘இண்டெக்ஸ்’ பகுதியில் (ஏ−பி)/(ஏ+பி) என்ற சூத்திரம் இருக்கும். ஏ இடத்தில் பி03, பி இடத்தில் பி11. விடை 0.4-க்கு மேல் வந்தால் பனி என்பது வழக்கமான அளவுகோல்.

இதை அப்படியே நம்பினால் மணிமுத்தாறு அணையிலும் பனி பெய்ததாகச் சொல்லும்! செய்து பாருங்கள். தெளிந்த நீரும் அந்த அகச்சிவப்பை விழுங்கும், அதனால் குறியீடு உயரும். தூத்துக்குடி உப்பளப் பாத்தியில் நீர் நின்றாலும் இதே குழப்பம் வரலாம். தீர்வு: பி08 (அண்மை அகச்சிவப்பு) அலைவரிசையைத் தனியே பாருங்கள். அதில் தண்ணீர் இருட்டாகவும் பனி பளிச்சென்றும் இருக்கும். இரண்டு சோதனையிலும் தேறியதை மட்டும் பனி என்று குறியுங்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் ஏமாறலாம். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தாழ்ந்திருப்பதால் வடக்குச் சரிவுகள் நிழலில் கிடக்கும், பனி இருந்தும் கருநீலமாகத் தெரியும். தேவதாரு அடர்ந்த காட்டில் மரத்தடிப் பனியை மேலிருந்து பார்க்க முடியாது.

படி 6: பெய்யும்போது பார்க்க

பனி விழுந்துகொண்டிருக்கையில் இந்தக் கருவிகளுக்குத் தெரிவது மேகத்தின் உச்சி மட்டுமே. அப்போது இந்திய வானிலைத் துறைத் தளத்தில் இன்சாட் படங்களைத் திறந்து மேகக் கூட்டம் மேற்கிலிருந்து நகர்வதைத் தொடருங்கள். இன்சாட் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தின் மேல் நிற்பதால் அரை மணிக்கு ஒரு படம் தரும், ஆனால் பகல் படத்தில் ஒரு புள்ளி 1 கிலோமீட்டர். மேகத்தை ஊடுருவ வேண்டுமென்றால் சென்டினல்-1 ரேடார் உண்டு. ஈரப்பனி அதில் இருண்டு தெரியும், புதிதாக விழுந்த உலர்பனியோ ரேடார் அலைக்கு ஜன்னல் கண்ணாடி மாதிரி, தெரியவே தெரியாது. ஆகவே ஜனவரிப் பொழிவுக்கு வானம் தெளியும்வரை காத்திருங்கள். ஏப்ரலில் உருகும் பனிக்கு ரேடாரைத் திறங்கள்.