ஆங்கிலச் சொல் கற்பிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: அர்த்தம் எழுதிப்போட்டால் போதாது

கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் பத்து ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ் அர்த்தம், மறுநாள் டிக்டேஷன். நம் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலச் சொல் கற்பிப்பது இப்படித்தான் நடக்கிறது. பிள்ளைகள் பத்துக்குப் பத்து வாங்கிவிடுவார்கள். அடுத்த மாதம் அதே சொல் வேறொரு பத்தியில் வந்தால் விழிப்பார்கள். பிள்ளைகள்மேல் தப்பில்லை, நாம் சொல்லிக்கொடுக்கும் முறையில்தான் கோளாறு.

கோளாறு சொல்லைத் தேர்ந்தெடுப்பதிலேயே தொடங்கிவிடுகிறது. பாடத்தின் பின்னால் இருக்கும் அருஞ்சொல் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் சொற்களை மூன்று அடுக்காகப் பார்த்தார்கள். டேபிள், ரன் போல அன்றாடப் பேச்சில் வருபவை ஒன்று. கம்பேர், ரிலக்டண்ட் போல எந்தப் பாடத்திலும் தலைகாட்டுபவை இன்னொன்று. ஃபோட்டோசிந்தசிஸ் போல ஒரு பாடத்துக்கே உரியவை மூன்றாவது. வகுப்பு நேரத்தை நடு அடுக்குக்குக் கொடுங்கள் என்றார்கள். சரிதான், ஆனால் வீட்டில் ஆங்கிலம் கேட்காத நம் பிள்ளைகளுக்கு முதல் அடுக்கிலும் ஓட்டை இருக்கும். அன்லெஸ் என்ற சின்னச் சொல் தெரியாவிட்டால் முழு வாக்கியமும் தலைகீழாகப் புரிந்துவிடும். அருஞ்சொல் பட்டியலில் அது வரவே வராது. அதனால் ஒரு நாளைக்குப் பத்து வேண்டாம், மூன்று நான்கு போதும். அவற்றை ஆழமாக நடத்துங்கள்.

அடுத்தது, ஒற்றைத் தமிழ்ச் சொல்லோடு நிறுத்திக்கொள்வது. ஃப்ளட் என்றால் வெள்ளம் என்று எழுதிப்போட்டு நகர்ந்துவிட்டால் குமரி மாவட்டம் விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைக்கு என்ன புரியும்? அதன் வீட்டில் குடிக்கிற தண்ணீர்தான் வெள்ளம். ஆற்றில் கரை உடைந்த படத்தைக் காட்டி இரண்டு வாக்கியம் பேசினால் குழப்பம் தீரும். அதற்காக வகுப்பில் தமிழே கூடாது என்று பிடிவாதம் பிடிப்பதும் தவறு. தமிழில் ஒரு நொடியில் விளங்குவதை ஆங்கிலத்திலேயே பத்து நிமிடம் சுற்றி வளைப்பதில் யாருக்கும் பயனில்லை. தமிழில் தொடங்கலாம், அங்கேயே முடித்துவிடக் கூடாது.

ரிலக்டண்ட் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். முதலில் நீங்கள் இரண்டு மூன்று முறை சொல்லுங்கள், பிள்ளைகளும் வாய்விட்டுச் சொல்லட்டும். மனசில்லாமல் தயங்குவது என்று விளக்குங்கள். காற்று பலமாக இருக்கிறது, கடலுக்குப் போக முட்டத்து வள்ளக்காரர் யோசிக்கிறார்: ஹி இஸ் ரிலக்டண்ட் டு கோ. சரி, இப்போது எதிர்ப்பக்கம். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்தப் படகுக்காரர்களும் ரிலக்டண்டா என்று கேளுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். போக ஆசை இருக்கிறது, அனுமதிதான் இல்லை; அதனால் இந்தச் சொல் அங்கே பொருந்தாது என்று அவர்களே வாதாடி முடிவுக்கு வரட்டும். பொருந்தாத இடத்தைக் காட்டும்போதுதான் சொல்லின் எல்லை பிடிபடுகிறது. நம்மில் பலர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். கூடவே, பின்னால் டு வருகிறது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஒரு சொல் எதோடு சேர்ந்து வரும் என்று தெரியாததால்தான் பட்டம் வாங்கிய பிறகும் டிஸ்கஸுக்குப் பின்னால் தேவையில்லாத எபவுட் போட்டு எழுதுகிறார்கள்.

பாரோ, லெண்ட் இரண்டையும் ஒரே நாளில் ஜோடியாக நடத்துவது நல்லெண்ணத்தில் செய்கிற தவறு. தமிழில் இரண்டுக்கும் கடன்தான், வாங்குவதும் கொடுப்பதும் மட்டுமே வேறு. சேர்த்துச் சொன்னால் எது எது என்ற குழப்பம் நிலைத்துவிடும். ஒரே வகைச் சொற்களை மொத்தமாகக் கற்றால் ஒன்றையொன்று குழப்பி, கற்பது கடினமாகிறது என்று தாமஸ் டிங்கம் 1993இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பாரோ நன்றாக ஊறட்டும், சில வாரம் கழித்து லெண்ட் வரட்டும். லெஃப்ட், ரைட்டுக்கும் இதேதான்.

புரிஞ்சுதா என்று கேட்பதை விட்டுவிடலாம். எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

அப்புறம், ஒருமுறை நடத்திய சொல்லுக்குத் திரும்பியே போகாதது. படித்ததில் பெரும்பகுதி முதல் சில நாள்களிலேயே மறந்துபோகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885இல் எழுதிவிட்டார். திங்கள்கிழமைச் சொல் புதன்கிழமை ஒரு கேள்வியில் வரட்டும், அடுத்த வாரம் வேறொரு பத்தியில், மாதக் கடைசியில் பிள்ளைகளின் சொந்த எழுத்தில். தேர்விலும் டிக்டேஷனோடு நிற்காமல், ஐ வாஸ் ரிலக்டண்ட் டு என்று பாதி வாக்கியம் கொடுத்து, பிகாஸ் சேர்த்து முடிக்கச் சொல்லுங்கள். சொல் தெரியாமல் அந்தக் காரணத்தை எழுதவே முடியாது.