பழைய பங்க் குழுவின் புது ஆல்பம் வருகிறதா? வரிகளைப் பற்றிச் சண்டை போடும் முன் இதைச் செய்யுங்கள்

பங்க் என்பது வேகமும் கோபமும் கலந்த கலகக்கார ராக் இசை. அதில் நாற்பது வருஷப் பழைய குழு ஒன்று புது ஆல்பம் அறிவித்தால் ரசிகர்கள் மத்தியில் முதல் நாள் கொண்டாட்டம், மறுநாள் பஞ்சாயத்து. ஒருவர் எண்பதுகளில் வந்த பாட்டு ஒன்றில் ஓர் இனத்தையோ தன்பால் ஈர்ப்பாளர்களையோ இழிவாகச் சொல்வதுபோல இருக்கும் வரியைத் தூக்கிக்கொண்டு வந்து "இவங்களுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்பார், இன்னொருவர் "பங்க்னாலே அப்படித்தான், பிடிக்கலேன்னா போ" என்பார், ஆல்பம் கைக்கு வரும் வரை இதே கதைதான். இருவரில் ஒருவர்கூட அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டிருக்க மாட்டார் என்பது என் சந்தேகம். காத்திருக்கும் வாரங்களில் சண்டையே வேண்டாம் என்று சொல்லவில்லை, அது இல்லாமல் பொழுது எப்படிப் போகும்? விஷயம் தெரிந்து போடுங்கள் என்கிறேன்.

முதலில் சரியான வரிகளைத் தேடி எடுங்கள். ஒன்றரை நிமிஷப் பாட்டில் ஒருவர் மூச்சு விடாமல் கத்துகிறார், அதை யாரோ காதால் கேட்டு இணையத்தில் ஏற்றியிருக்கிறார். அதை நம்பி ஒருவரை இனவெறியர் என்றோ புனிதர் என்றோ சொல்லிவிடக் கூடாது. இசைத்தட்டின் உறையிலோ உள்ளே வைத்த தாளிலோ அச்சாகியிருக்கும் வரிகள்தான் கணக்கு. எந்தப் பதிப்பு என்றும் பாருங்கள். பிரிட்டனின் க்ராஸ் குழுவுடைய 1978 தட்டை அச்சிட வேண்டிய அயர்லாந்துத் தொழிலாளர்கள், கிறிஸ்துவத்தைத் திட்டும் முதல் உருப்படியைத் தொட மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். குழு அந்த இடத்தில் வெறும் மௌனத்தை விட்டு, அதற்கு 'பேச்சுச் சுதந்திரத்தின் ஓசை' என்ற பொருளில் பெயரும் வைத்தது. பின்னால் வந்த பதிப்பில் அந்த உருப்படி திரும்பி வந்துவிட்டது. ஆக, ஒரே தட்டு என்று நினைத்து இருவர் இரண்டு வேறு தட்டுகளைப் பற்றி அடித்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

அப்புறம், பாட்டில் பேசுவது யார் என்று பாருங்கள். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். அமெரிக்காவின் டெட் கென்னடிஸ் குழுவினர் 1980-இல் 'கில் த புவர்' என்று பாடினார்கள். தலைப்பை மட்டும் படித்தால் ஏழைகளைக் கொல்லச் சொல்கிறது. பாட்டுக்குள் போனால், நியூட்ரான் குண்டு வந்துவிட்டது, கட்டடமும் சொத்தும் அப்படியே இருக்கும், ஏழைகள் மட்டும் காணாமல் போவார்கள் என்று குதூகலிக்கும் ஒரு மேல்தட்டு ஆளின் குரல். கிண்டல் யாரை நோக்கி என்பதில் குழப்பமே இல்லை.

பிளாக் ஃப்ளாக் குழுவின் 'வைட் மைனாரிட்டி' அவ்வளவு சுலபமில்லை. அதே 1980. வெள்ளையர்கள் சிறுபான்மையாகிவிடுவார்கள் என்று புலம்பும் ஆளாக நின்று பாடுகிற பாட்டு. பாடியவர் ரான் ரேயஸ், புவேர்ட்டோ ரிக்கோ பூர்வீகம் கொண்டவர். அவர் வாயில் அது கிண்டல் என்று புரிகிறது. ஆனால் உறையைப் பார்க்காமல், பாடகர் யாரென்று தெரியாமல் கேட்பவனுக்கு? அந்த மேல்தட்டு ஆளை டெட் கென்னடிஸ் ஊதிப் பெருக்கிக் காட்டியதுபோல இதில் காட்டவில்லை, கிண்டல் என்பதற்கான தடயம் பாட்டுக்குள் குறைவு. கிண்டல்தான், ஆனால் அரைகுறையாகச் செய்த கிண்டல் என்பது என் கட்சி.

மைனர் த்ரெட் குழு 1981-இல் பாடிய 'கில்ட்டி ஆஃப் பீயிங் வைட்' (வெள்ளையனாக இருப்பதே குற்றம்) வேறு ரகம். அதில் கற்பனைப் பாத்திரம் கிடையாது. கறுப்பின மாணவர்கள் பெரும்பான்மையாக இருந்த வாஷிங்டன் பள்ளியில் படித்த அதன் பாடகர் இயன் மக்கே தன் அனுபவத்தையே எழுதினார், இனவெறிக்கு எதிரான பாட்டு என்றுதான் இன்றுவரை சொல்கிறார். சரி, நம்புவோம். 1996-இல் ஸ்லேயர் என்ற மெட்டல் குழு அதே பாட்டை எடுத்துப் பாடி, கடைசியில் 'வைட்' (வெள்ளையன்) என்பதை 'ரைட்' (சரியானவன்) என்று மாற்றியபோது மக்கேவுக்கே அது உவப்பாக இல்லை. ஒரு சொல் மாறினால் கவிழ்ந்துவிடும் பாட்டு என்றால் அஸ்திவாரத்திலேயே ஏதோ ஆட்டம் இருக்கிறது என்று ஒருவர் வாதாடலாம். வாதாடுங்கள், ஆனால் இந்த வரலாறு தெரிந்து வாதாடுங்கள்.

கிண்டல் என்ற சால்வையை எல்லார் தோளிலும் போர்த்தவும் கூடாது. பேட் பிரெய்ன்ஸ், கறுப்பினத்தவர்கள் தொடங்கிய ஹார்ட்கோர் (இன்னும் வேகமான, கரடுமுரடான பங்க்) குழு, அவர்களுடைய 1982 ஆல்பத்துக்கு நான் அடிமை. அதே குழு 1989-இல் எய்ட்ஸை வைத்துத் தன்பால் ஈர்ப்பாளர்களுக்கு உபதேசம் செய்யும் ஒரு பாட்டை வெளியிட்டது. அதில் முகமூடியும் இல்லை, நையாண்டியும் இல்லை, நம்பியதைப் பாடியிருக்கிறார்கள். டிசெண்டன்ட்ஸ் குழுவின் 1982 ஆல்பத்திலும் தன்பால் ஈர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் வசை இருக்கிறது, பள்ளிக்கூடப் பையன் கோபத்தில் கக்கியது போல. அந்த வயசுப் பையன்கள் அப்படித்தான் பேசினார்கள் என்பது விளக்கம். அதனால் தப்பில்லை என்பது வேறு பேச்சு, இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவரிடம் நிறுத்திக் கேளுங்கள். ஆல்பம் அருமை, அந்த வரி அசிங்கம் என்று ஒரே மூச்சில் சொல்லலாம். யாரும் உங்கள் ரசிகர் அட்டையைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து, அவர்கள் இப்போது எப்படிப் பாடுகிறார்கள் என்று பாருங்கள். அண்மைக்கால மேடை வீடியோக்கள் போதும். வரியை மாற்றுவது பங்க்குக்குத் துரோகம் என்று சொல்பவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பிரிட்டனின் சூசி அண்ட் த பான்ஷீஸ் குழு ஆரம்பத்தில் மேடையில் பாடிய ஒரு பாட்டில் யூதர்களை இழிவாகச் சொல்லும் வரி இருந்தது. 1979-இல் அது தட்டில் வந்தபோது அந்த இடத்தில் வேறு சொல். டெட் கென்னடிஸ் கலிபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரௌனைக் குதறி எழுதிய தங்கள் முதல் சிங்கிளையே (தனிப் பாட்டாக வெளியிட்ட தட்டு), ரீகன் அதிபரானதும் 1981-இல் அவருக்கு எதிராகத் திருப்பி எழுதினார்கள். கிரீன் டே குழுவின் விவகாரம் இன்னும் பொருத்தம், ஏனென்றால் அது நடந்ததே புது ஆல்பத்துக்கான காத்திருப்பில். 2023 டிசம்பர் 31 இரவு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 'அமெரிக்கன் இடியட்' பாடும்போது அதன் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் ஒரு சொல்லை மாற்றி டிரம்ப் ஆதரவாளர்களைக் குத்தினார். 'சேவியர்ஸ்' ஆல்பம் 2024 ஜனவரி 19-இல் வர வேண்டியது. இடைப்பட்ட நாட்களில் ஒரே அமளி, 'இப்போது அரசியல் பேச ஆரம்பித்துவிட்டார்கள்' என்று. 2004-இல் புஷ் ஆட்சியைத் திட்டி எழுதிய பாட்டு அது ஐயா! அதே பாட்டில் தன்பால் ஈர்ப்பாளரைக் குறிக்கும் வசைச்சொல் ஒன்றும் இருக்கிறது, அதைப் பாடுபவர் தன்னையே அப்படிச் சொல்லிக்கொள்கிறார். ஆம்ஸ்ட்ராங் தான் இருபால் ஈர்ப்புள்ளவர் என்று 1995-லேயே பேட்டியில் சொன்னவர். அமளி செய்தவர்களில் எத்தனை பேர் அந்தச் சொல்லைக் கவனித்தார்களோ.

இன்னொன்று, ஆல்பம் புதுசு என்றால் பாட்டும் புதுசு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டிசெண்டன்ட்ஸ் 2021-இல் வெளியிட்ட ஆல்பத்தின் பாட்டுகள் பெரும்பாலும் எழுபதுகளின் கடைசியில் எழுதியவை. வாத்தியங்களை 2002-இல் பதிவு செய்தார்கள், பாடகர் மைலோ ஆக்கர்மன் குரல் கொடுத்தது 2020-இல். கிட்டார் வாசித்த ஃபிராங்க் நவெட்டா 2008-இலேயே இறந்துவிட்டார். இந்த மாதிரி ஆல்பத்தில் ஒரு வரி உறுத்தினால், 'இன்னுமா இப்படி எழுதுகிறார்கள்' என்பது தப்பான கேள்வி. 'இன்று வெளியிடும்போது இதை ஏன் விட்டுவைத்தார்கள்' என்பது நியாயமான கேள்வி. ஆல்பக் குறிப்பில் எழுதியவர் பெயரையும் பதிவான வருஷத்தையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வெளியீட்டு நாளுக்கு வருவோம். பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான், நள்ளிரவில் ஸ்ட்ரீமிங்கில் ஏறிவிடும். பதினெட்டு நொடித் துண்டு வீடியோவில் வரும் ஒற்றை வரியை வைத்து எதுவும் எழுதாதீர்கள், அந்தத் துண்டை வெட்டியவருக்கு வேறு கணக்கு இருக்கும். எழுதுவதென்றால் பாட்டின் பெயர், எந்த இடத்தில் வருகிறது, யார் குரலில் வருகிறது, உங்களுக்கு எது உறுத்துகிறது, இவ்வளவையும் போட்டு எழுதுங்கள். அந்த வசை யாரைக் குறிக்கிறதோ அந்த ஆள் வந்து எனக்கு வலிக்கிறது என்றால், நையாண்டி இலக்கணம் சொல்லிக்கொடுக்கப் போகாமல் அவர் சொல்வதை முதலில் முழுசாகப் படியுங்கள். அதற்கு முன் ஆல்பத்தையும் முழுசாகக் கேட்டுவிடுங்கள். பங்க் ஆல்பம் பெரும்பாலும் அரை மணி நேரம் தாண்டாது, இரண்டு தடவை கேட்டாலும் ஒரு மணி நேரம்தான் ஆகும்.