போன் நம்பரை இன்ட் நெடுவரிசையில் போடாதீர்கள்

போன் நம்பரை யாரும் கூட்டுவதும் இல்லை, கழிப்பதும் இல்லை. அப்புறம் ஏன் டேட்டாபேஸில் அதற்கு இன்ட், அதாவது முழு எண் மட்டும் ஏற்கும் நெடுவரிசை? மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் சாதாரண இன்ட் தாங்கும் அதிகபட்ச எண் 2147483647. இந்திய மொபைல் நம்பர்கள் 6, 7, 8, 9-இல் தொடங்கும் பத்து இலக்கங்கள், ஒன்றுகூட அதில் அடங்காது. அடங்காத எண்ணை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் இல்லையென்றால் எரரும் வராது, அந்த அதிகபட்ச எண்ணே பதிவாகிவிடும். பழைய டேபிள் ஒன்றைத் திறந்தபோது வரிசையாக எல்லா வாடிக்கையாளருக்கும் 2147483647 என்றே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். உண்மையான நம்பர்கள் போனது போனதுதான், மீட்க வழியே இல்லை.

சரி, இன்னும் பெரிய எண்களைத் தாங்கும் பிக்இன்ட் ஆக்கினால் போதுமா? முன்னால் இருக்கும் 0 போய்விடும். லண்டன் நம்பரில் +44 போட்டால் 020-இன் 0 போக வேண்டும், ஆனால் ரோம் லேண்ட்லைனில் +39-க்குப் பிறகும் 06-இன் 0 இருந்தே ஆக வேண்டும், எடுத்தால் அழைப்பு போகாது. அதனால் ஸ்ட்ரிங்காகவே, அதாவது எழுத்துத் தொடராகவே வையுங்கள், + குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்து. உலகத் தரப்படி அதிகபட்சம் 15 இலக்கங்கள்தான்.

எக்செல் இன்னொரு கண்ணி. 91-ஓடு சேர்ந்த 12 இலக்க நம்பர் 9.19E+11 என்று சுருங்கித் தெரியும், அப்படியே சிஎஸ்வியாக (வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தால் மிச்ச இலக்கங்கள் காலி.

சரிபார்ப்பை நீங்களே ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைச் சோதிக்கும் விதி) எழுதிச் செய்ய வேண்டாம். ‘7, 8, 9-இல்தான் தொடங்கும்’ என்று என்றைக்கோ எழுதிய வரி 6-இல் தொடங்கும் நம்பர்காரரை இன்றைக்கும் வாசலிலேயே நிறுத்துகிறது. போன் நம்பர்களைச் சரிபார்க்கும் கூகுளின் லிப்போன்நம்பர் நிரல் தொகுப்பு இலவசம், அதைப் பயன்படுத்துங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஒரு நம்பர் என்றால் ஒரு ஆள் என்ற நினைப்பு. எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே போன். ஒரு மருத்துவமனை ஆப்பில் அப்பாவைப் பதிவு செய்த பிறகு அம்மாவைச் சேர்க்கவே முடியவில்லை, ‘இந்த எண் ஏற்கெனவே உள்ளது’ என்றது. யாரோ அந்த நெடுவரிசையை யூனிக் (ஒரு நம்பர் ஒருமுறைதான்) ஆக்கியதால், அம்மா கவுன்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

நம்பர் கைமாறவும் செய்யும். இந்தியாவில் துண்டித்த நம்பரை 90 நாள் கழித்து வேறொருவருக்குத் தந்துவிடலாம், உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். அதைவிட மோசம், நம்பரை மாற்றப் பழைய நம்பருக்கே ஓடிபி அனுப்பும் திரை. பழைய சிம் தொலைந்ததால்தானே அவர் மாற்றவே வருகிறார்? ஈமெயிலோ வேறொரு வழியோ, முதல் நாளே கட்டி வையுங்கள்.