சிந்தின் ஆறு அவுட்டையும் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் தனித்தனி டிராக்காக ஏற்றுவது எப்படி?

சிந்தசைசர் (சுருக்கமாகச் சிந்த்) கீபோர்டின் பின்பக்கம் எல், ஆர் (இடது, வலது) என்ற இரண்டு அவுட் துளைகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று இன்னும் நான்கு இருக்கும். பலர் அவற்றைத் தொடுவதே இல்லை. தொட்டால் டிரம்மின் கிக் ஒரு டிராக், ஸ்னேர் ஒரு டிராக், தபலா ஒரு ஸ்டீரியோ டிராக், மீதியெல்லாம் இன்னொன்று என்று பிரித்து வாங்கலாம். மிக்ஸில் தபலாவைக் கொஞ்சம் தூக்கினால் வயலினும் கூடவே ஏறும் தொல்லை அத்தோடு தீர்ந்தது.

எடுத்துக்காட்டுக்கு 1999இல் வந்த கோர்க் ட்ரைட்டனை வைத்துக்கொள்கிறேன். ரோலண்ட் ஜேவி-1080இலும் ஆறு அவுட்தான். அங்கே பெயர்கள் மிக்ஸ், டைரக்ட் 1, டைரக்ட் 2. மிடி (நோட்டுகளைத் தகவலாக அனுப்பும் முறை) டிராக் போடவும், சிந்தை 16 சேனலில் ஓட்டவும் தெரியும் என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.

வாங்குவதற்கு முன்

இன்டர்ஃபேஸில் (சிந்தின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) ஆறு அனலாக் இன்புட்டாவது வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பிவிடாதீர்கள். ஸ்கார்லெட் 18ஐ20இல் 18 என்பது எட்டு அனலாக், எட்டு ஏடாட், இரண்டு எஸ்பிடிஃப் ஆகிய டிஜிட்டல் இன்புட் எல்லாம் சேர்ந்த கணக்கு. நாம் ஜாக் செருகக்கூடியது எட்டில் மட்டுமே. இந்த வேலைக்கு பெஹ்ரிங்கர் யுஎம்சி1820 தாராளம். சிந்திலிருந்து வருவது லைன் சிக்னல் (மைக்கைவிட வலுவானது) என்பதால் விலையுயர்ந்த ப்ரீஆம்புக்குச் செலவழிப்பதில் பொருளில்லை. அந்தக் காசை நல்ல கேபிளில் போடுங்கள்.

கால் அங்குல ஜாக் கேபிள் ஆறு, மூன்று மீட்டருக்கு மேல் வேண்டாம். கேபிளும் ஜாக்கும் தனித்தனியாக வாங்கிப் பற்றவைப்பவர்கள் சிங்கப்பூரில் மின்னணுப் பொருள் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் ஒரு சுற்று வந்தால் போதும். இரு முனையிலும் ஒரே நிறத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். மேசைக்குப் பின்னால் தலையை விட்டு எது எதுவென்று தேடும் வேலை மிச்சம்.

பயன்படுத்திய சிந்தை இணையத்தில் வாங்குகிறீர்களா? பின்பக்கத் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜப்பானிலிருந்து வந்தது என்றால் 100 வோல்ட்டாக இருக்கலாம். நம் சுவரில் வருவது 230. மின்மாற்றி இல்லாமல் நேரடியாகச் செருகினால் பவர் சப்ளை போய்விடும்.

இணைப்பு

சிந்தின் எல், ஆர் இன்டர்ஃபேஸின் 1, 2க்குப் போகட்டும். 1 முதல் 4 வரை உள்ள தனி அவுட்கள் 3 முதல் 6 வரை. இன்ஸ்ட் என்ற பொத்தான் எந்த இன்புட்டிலும் அழுத்தியிருக்கக் கூடாது. அது கிட்டாருக்கானது. சிந்தைக் கொடுத்தால் ஒலி உடையும்.

எல்லோரும் சிக்கும் இடம்: சிந்துக்குள் பஸ் (ஒலி போகும் வழி)

கேபிளைச் செருகியதால் மட்டும் 3இலோ 4இலோ எதுவும் வராது. எந்த ஒலி எந்த வாசலில் வெளியேற வேண்டும் என்பதைச் சிந்துக்குள்தான் சொல்ல வேண்டும். ட்ரைட்டனில் இன்சர்ட் எஃபெக்ட் பக்கத்தில் ரூட்டிங் என்ற இடத்துக்குப் போனால் ஒவ்வொரு டிராக்குக்கும் பஸ் செலெக்ட் இருக்கும். அங்கே எல்/ஆர், ஐஎஃப்எக்ஸ் (இன்சர்ட் எஃபெக்ட்) 1 முதல் 5, தனியாக 1, 2, 3, 4, ஜோடியாக 1/2, 3/4 என்று காட்டும்.

'3' என்று வைத்தால் மோனோ. பான் (இடது-வலது நிலை) எங்கே இருந்தாலும் கணக்கில் வராது. '3/4' என்றால் ஸ்டீரியோ, பான் வேலை செய்யும். கிக்குக்கு 1, ஸ்னேருக்கு 2, தபலாவுக்கு 3/4 என்பது என் விருப்பம்.

இனிதான் பலர் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம். டிராக் ஏற்கெனவே ஐஎஃப்எக்ஸ்1 வழியாக, ஒரு கம்ப்ரெசரோ ஈக்யூவோ கடந்து, போய்க்கொண்டிருக்கலாம். அதை '3/4' என்று மாற்றினால் எஃபெக்ட் காணாமல் போய்விடும். எஃபெக்டும் வேண்டும், தனி அவுட்டும் வேண்டும் என்றால் டிராக்கின் பஸ்ஸை ஐஎஃப்எக்ஸ்1 என்றே விட்டுவிடுங்கள். அடுத்த இன்சர்ட் பக்கத்தில் அந்த ஐஎஃப்எக்ஸ்1 வரிசையிலேயே இன்னொரு பஸ் செலெக்ட் இருக்கும். அதை 3/4 ஆக்குங்கள். ஒலி கடைசியாகக் கடக்கும் கதவு எதுவோ, அங்கேதான் வழி மாற்ற வேண்டும்.

டிரம் கிட் ஒரே டிராக்கில் இருந்தால் பஸ்ஸில் டிகிட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு குளோபலில் டிரம் கிட்டைத் திறந்து, ஒவ்வொரு கீக்கும் தனித்தனியாக பஸ் கொடுங்கள். முடிந்ததும் ரைட் (சேமிப்பு) செய்ய மறக்க வேண்டாம். மறந்தால் சிந்தை அணைத்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இப்போது ஹெட்ஃபோனில் கிக் கேட்கவில்லையா? ஒன்றும் கெட்டுவிடவில்லை. சிந்தின் ஹெட்ஃபோனில் வருவது எல்/ஆர் மட்டும். இனிமேல் இன்டர்ஃபேஸின் ஹெட்ஃபோனில்தான் கேட்க வேண்டும். ரிவெர்பும் போயிருக்கும், ஏனென்றால் மாஸ்டர் எஃபெக்ட் திரும்பி வருவது எல்/ஆருக்கு மட்டுமே. தனி அவுட் வறண்டுதான் வரும். மிக்ஸில் நாமே ரிவெர்ப் போட்டுக்கொள்ள அதுதான் வசதி.

ரீப்பரில்

1. ஆப்ஷன்ஸ், ப்ரெஃபரன்ஸஸ், ஆடியோ, டிவைஸ். விண்டோஸில் ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். அதே பக்கத்தில் இன்புட்டுகளை இயக்கும் குறியைப் போட்டு, முதல் இன்புட் 1, கடைசி இன்புட் 6 என்று மாற்றுங்கள். கடைசி 2 என்று நின்றுவிட்டால் மீதி நான்கும் பட்டியலிலேயே தெரியாது.

2. 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், பஃபர் 128.

3. நான்கு டிராக்: ஸ்டீரியோ 1/2, மோனோ 3, மோனோ 4, ஸ்டீரியோ 5/6. நான்கையும் ஆர்ம் செய்யுங்கள் (பதிவுக்குத் தயாராக்குங்கள்).

4. இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டர், ரீப்பரின் மானிட்டர் இரண்டில் ஒன்றை அணையுங்கள். இரண்டும் இருந்தால் ஒலி குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

5. உச்சம் -12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை வையுங்கள். பல சிந்த்களில் முகப்பு வால்யூம் எல்/ஆரை மட்டும் கட்டுப்படுத்தும். தனி அவுட் எப்போதும் முழு அளவில் வரும்.

ஒரே ஓட்டத்தில் பதிவு செய்யுங்கள், ஒவ்வொரு வாத்தியமாக நான்கு முறை ஓட்ட வேண்டாம். ஐந்து முள் மிடி கேபிளில் நொடிக்கு 31,250 பிட்தான் போகும். ஒரு நோட்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் ஆகும். பத்து நோட் ஒரே அடியில் விழுந்தால் கடைசி நோட் ஏறத்தாழ 10 மில்லிசெகண்ட் பிந்தும். ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்தப் பிந்தல் ஒரே மாதிரி இருக்காது. கிக்கும் பேஸும் ஒட்டாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரே ஓட்டமென்றால் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் இந்த வேறுபாடு டிராக்குகளுக்கிடையே வராது. நான்கையும் சேர்த்துப் பிடித்து, கிக்கின் முதல் முனை கிரிட்டில் விழும்படி இழுத்துவிட்டால் போதும். பதிவுக்கு முன்பு தேவையில்லாத ஆஃப்டர்டச் (கீயை அழுத்திப் பிடிக்கும்போது வரும்) தரவை அழித்துவிடுங்கள். கேபிளை அடைப்பதே அதுதான்.

வீவக அடுக்குமாடி வீட்டில் இதில் இன்னொரு நன்மை உண்டு. மேல்மாடியில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தாலும் லைனில் வரும் பதிவுக்குள் அது நுழையாது.

பின்னர் சேர்த்தது

'ஊம்' என்ற இரைச்சல் வருகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது நிலத்தொடர்பு வளையம் (கிரவுண்ட் லூப்). சிந்தையும் கணினியையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுங்கள். போகவில்லையென்றால் இடையில் மின்மாற்றி உள்ள டிஐ பெட்டி (நேரடி மின்தொடர்பு இல்லாமல் சிக்னலைக் கடத்துவது) வையுங்கள். பிளக்கின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

ஒரு பக்கம் மட்டும் கரகரக்கிறது என்பதற்குக் காரணம் பெரும்பாலும் நம் ஊர் ஈரப்பதம். ஆண்டுக்கணக்காகச் செருகாத தனி அவுட் துளைகளில் ஆக்சைடு படிந்திருக்கும். சிந்தை அணைத்து, ஜாக் முனையில் கான்டாக்ட் கிளீனரைச் சிறிது தெளித்து, பத்து முறை செருகி எடுங்கள். ஐந்து நிமிடம் உலரவிட்டுப் பிறகு இயக்குங்கள்.