சுவர் டைல்ஸை வீட்டிலேயே வெட்டுவது எப்படி? ஒரே கீறல், ஒரே அழுத்து

சமையலறைச் சுவருக்கு ஓர் அடிக்கு ஒன்றரை அடி செராமிக் டைல்ஸ் (300 × 450 மி.மீ.) ஒட்டப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முழு டைல்ஸில் சிக்கல் வராது. மூலை, குழாய், சுவிட்ச் பெட்டி ஆகிய மூன்று இடங்களில்தான் உடைந்து வீணாகும். முதல்முறை வெட்டுபவர்கள் 10 முதல் 15 சதவீதம் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்துபோய்ப் பிறகு கடைக்குப் போனால் அதே பேட்ச் இருக்காது, நிறம் லேசாக மாறித் தெரியும்.

வெட்டுமுன் டைல்ஸின் பின்பக்கத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சீக்கிரம் உறிஞ்சினால் செராமிக், கைக்கட்டரே (கீறி உடைக்கும் கைக்கருவி) போதும். தண்ணீர் அப்படியே நின்றால் விட்ரிஃபைடு. அது கெட்டி ஜாதி. கனமான கட்டரும் புதிய சக்கரமும் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

அளவெடுத்தல்

சுவர் நேராக இருக்கும் என்று நம்பவே கூடாது. மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். மேலே 187 மி.மீ., கீழே 184 மி.மீ. என்று வந்தால், பக்கத்து டைல்ஸுக்கான ஸ்பேசருக்கு (இடைவெளிக்கு வைக்கும் பிளாஸ்டிக் துண்டு) 2 மி.மீ., சுவரோரம் 2 மி.மீ. கழித்து, மேலே 183, கீழே 180 என்று குறித்துக் கோடு போடுங்கள். வெட்டிய விளிம்பு சுவர் மூலைக்குள் போக வேண்டும். கம்பெனி விளிம்பு பக்கத்து டைல்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். ஊறவைத்து ஒட்டும் டைல்ஸ் என்றால் வெட்டிய பிறகு ஊறப்போடுங்கள். ஈரத்தில் குறியும் நிற்காது, சக்கரமும் வழுக்கும்.

கீறி உடைத்தல்

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கைக்கட்டரின் சக்கரம் டைல்ஸை அறுப்பதில்லை. பளபளப்பான மேல்பூச்சில் ஒரு மெல்லிய கீறல் போடுகிறது, அவ்வளவுதான். பிறகு அழுத்தும்போது அந்தக் கீறல் வழியாக டைல்ஸ் தானே பிளக்கிறது. ஆகவே கீறல் ஒரே தடவை, ஒரே சீரான அழுத்தத்தில், இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை விடாமல் போக வேண்டும். ‘சர்ர்ர்’ என்று ஒரே சத்தம் வந்தால் சரி. நடுவில் சத்தம் விட்டுப்போனால் அங்கே கீறல் விழவில்லை என்று அர்த்தம். பிளவு அந்த இடத்தில் வழி தவறும். சந்தேகத்தில் இரண்டாம் முறை ஓட்டினால் சக்கரம் பழைய தடத்திலேயே போகாது. பக்கத்தில் இன்னொரு கீறல் விழுந்து, விளிம்பு பல் பல்லாகப் பெயரும். பயந்து மெதுவாக அழுத்துவதைவிட, வீணான துண்டுகளில் பத்துத் தடவை பழகிவிட்டு வருவதே நல்லது.

கீறியதும் கட்டரின் அழுத்துக் காலை டைல்ஸின் ஓரத்தருகே கீறலின் மேல் வைத்து, கைப்பிடியை நிதானமாக அழுத்துங்கள். ‘டக்’ என்று இரண்டாகும்.

ஓர் அங்குலத்துக்கும் குறைவான பட்டை இப்படி உடையாது. ஒரு பக்கம் பிடிமானம் இல்லாததால் நடுவிலேயே முறியும். அதற்கு மின்சாரத்தில் சுழன்று அறுக்கும் மார்பிள் கட்டர்தான். அப்படிப்பட்ட பட்டை வராதபடி முதல் வரிசையைத் திட்டமிடுவது அதைவிடச் சிறந்தது.

சுவிட்ச் பெட்டிக்கு ‘எல்’ வெட்டு

மார்பிள் கட்டரில் 110 மி.மீ. வைர பிளேடு போடுங்கள். பிளவு இல்லாத முழு விளிம்பு பிளேடு வாங்குங்கள். பல் பிரித்த பிளேடு மேல்பூச்சைப் பெயர்க்கும். உள்மூலை வரும் இடத்தில் முதலில் 6 மி.மீ. துளை போட்டுவிடுங்கள். கூர்மையான உள்மூலையில்தான் விரிசல் தொடங்கும். உருண்டையான துளை அதைத் தடுக்கும். முதல் ஓட்டத்தில் 2 மி.மீ. ஆழம், அடுத்ததில் முழு ஆழம். பிளேடு வட்டமானது என்பதால், மேலிருந்து அடிப்பக்கம் வரை மூலையை அறுத்து முடிக்கப் பார்த்தால் மேல்பக்கத்தில் கோடு தாண்டிப்போகும். மூலைக்குச் சற்று முன்பே நிறுத்தி, டைல்ஸைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து முடியுங்கள். கோடு தாண்டினாலும் வெளியே தெரியாது.

4 அங்குல கிரைண்டரில் இந்த பிளேடு இடிக்கிறது என்று காப்பு மூடியைக் கழற்றுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

குழாய்த் துளை

அரை அங்குலக் குழாய் நிப்பிளின் வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மி.மீ. 25 மி.மீ. வைர ஹோல்சா (டிரில்லில் மாட்டும் வட்டத் துளைவெட்டி) போதும். மீதி இடைவெளியைக் குழாயின் வட்டத் தட்டு மறைத்துவிடும். டிரில்லில் ஹேமரை (இடித்துத் துளைக்கும் அமைப்பை) அணைத்து, குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். நேராக வைத்தால் வழுக்கி ஓடும். சாய்த்து வைத்து, பிறை வடிவில் தடம் விழுந்தபின் மெல்ல நிமிர்த்துங்கள். அடியில் பழைய பிளைவுட். ஸ்பாஞ்சால் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சூடேறினால் வைரப் பொடி உதிர்ந்து, ஹோல்சா இரண்டே துளையில் மழுங்கும். தண்ணீர் டிரில்லுக்குள் போகக் கூடாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனில் மட்டும் இணையுங்கள்.

பாதுகாப்புக் கண்ணாடி, என்95 முகக்கவசம் இரண்டும் கட்டாயம். பறக்கும் தூசியில் சிலிகா இருக்கிறது, நுரையீரலில் தங்கினால் வெளியேறாது. வெட்டிய விளிம்பு கத்தி போல் இருக்கும். 80 எண் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி, மேல்பூச்சிலிருந்து பின்பக்கம் நோக்கி ஒரே திசையில் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள்.