ஆபீஸ் பிரிண்டர் வேலை செய்யவில்லையா? டிரைவரைத் தொடாதீர்கள், முதலில் இதைப் பாருங்கள்

விண்டோஸ் சர்வர் வழியாகப் பத்து இருபது பேர் ஒரே பிரிண்டரைப் பயன்படுத்தும் ஆபீஸில் திடீரென்று பிரிண்ட் வரவில்லை என்றால், முக்கால்வாசிப் பேர் முதலில் டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) அழித்துவிட்டு மறுபடி போடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது, ஒழுங்காக இருந்ததையும் கலைத்துவிடுவீர்கள்.

பிரிண்ட் கொடுத்தால் அது இரண்டு கட்டமாகப் போகிறது. உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்கு, அப்புறம் சர்வரிலிருந்து பிரிண்டருக்கு. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஒருவருக்கு மட்டும் வரவில்லை என்றால் முதல் கட்டம், யாருக்குமே வரவில்லை என்றால் சர்வர் அல்லது அதற்குப் பிந்தைய வழி. சந்தேகமாக இருந்தால் சர்வருக்குள் போய், பிரிண்டரின் பிராபர்ட்டீஸில் டெஸ்ட் பேஜ் கொடுத்துப் பாருங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் போனால் உங்கள் சொந்த பிரிண்டரும் அந்தப் பட்டியலில் வந்து நிற்கும், பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

சர்வரிலிருந்தே வரவில்லையா? எழுந்து பிரிண்டர் பக்கம் போங்கள். அதன் மெனுவில் நெட்வொர்க் விவரத் தாளை அச்சிட்டு, ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரியை, பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் அதற்கு யாரும் எண்ணே கொடுக்கவில்லை என்று அர்த்தம், கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள். சரியான எண்ணாக இருந்தால், சர்வரில் அந்த பிரிண்டரின் போர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். நான் பார்த்த கோளாறுகளில் அதிகம் இங்கேதான் பிடிபட்டிருக்கின்றன: கரண்ட் போய் வந்ததும், எண்களைத் தானாகப் பங்கிடும் டிஹெச்சிபி பிரிண்டருக்கு வேறு எண் கொடுத்திருக்கும், சர்வரோ பழைய எண்ணையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். போர்ட்டில் எண்ணை மாற்றினால் அன்றைக்குச் சரியாகும். ஆனால் டிஹெச்சிபியில் அந்த பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவியின் சொந்த அடையாள எண்ணுக்கு) ரிசர்வேஷன் போட்டு, எப்போதும் ஒரே எண் கிடைக்கும்படி வைத்தால்தான் அடுத்த முறை கரண்ட் போனாலும் தாங்கும்.

எண் ஒத்துப்போகிறது, பிங்குக்கும் (அந்த எண்ணில் கருவி இருக்கிறதா என்று கேட்கும் கட்டளை) பதில் வருகிறது, இருந்தும் பிரிண்ட் இல்லை என்றால் பிங்கை நம்பாதீர்கள். அதே எண்ணை வேறு ஏதாவது ஒரு மொபைலோ கேமராவோ பிடித்துக்கொண்டு பதில் சொல்லலாம். பிரிண்டரை அணைத்துவிட்டுப் பிங் செய்யுங்கள், அப்போதும் பதில் வந்தால் திருடன் வேறு எங்கோ இருக்கிறான். வரவில்லை என்றால் பிரிண்டரை மறுபடி ஆன் செய்துவிட்டு, சர்வரின் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையை அந்த எண்ணோடும் போர்ட் 9100-ஓடும் கொடுங்கள். பெரும்பாலான நெட்வொர்க் பிரிண்டர்கள் அந்தக் கதவில்தான் காத்திருக்கும். ஃபால்ஸ் என்று வந்தால் நடுவில் ஃபயர்வால் மறிக்கிறது, அல்லது பிரிண்டரிலேயே அந்த வசதி அணைந்திருக்கிறது.

ட்ரூ என்று வந்தும் விண்டோஸ் 'ஆஃப்லைன்' என்று சாதிக்கிறதா? அதே போர்ட்ஸ் பக்கத்தின் கான்ஃபிகர் போர்ட்டில் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்என்எம்பி மூலம் விண்டோஸ் கேட்கும் நிலை என்ன என்ற கேள்விக்கு பிரிண்டர் பதில் சொல்லாவிட்டால், நன்றாக ஓடும் பிரிண்டரையும் விண்டோஸ் ஆஃப்லைன் என்றே காட்டும். போர்ட்டின் பெயர் டபிள்யூஎஸ்டி (கருவிகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் முறை) என்று தொடங்கினால், அதை விட்டுவிட்டு ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட் ஒன்று புதிதாகப் போடுங்கள். டபிள்யூஎஸ்டி வீட்டுக்குச் சரி, சர்வருக்கு வேண்டாம்.

வரிசையில் ஒரு ஃபைல் சிக்கிக்கொண்டு அழிக்கவும் முடியவில்லை என்றால், பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸை (பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் விண்டோஸ் பகுதியை) நிறுத்தி, சிஸ்டம்32-க்குள் ஸ்பூல் ஃபோல்டரில் இருக்கும் பிரிண்டர்ஸ் ஃபோல்டரைக் காலி செய்து, மறுபடி ஓடவிடுங்கள். அந்த சர்வரின் எல்லா பிரிண்டர்களிலும் காத்திருக்கும் வேலைகள் இதில் போய்விடும், முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

இனி முதல் கட்டம். ஒருவருடைய கம்ப்யூட்டரில் சர்வர் பெயரைப் போட்டால் திறக்கவில்லை, ஐபி எண்ணைப் போட்டால் திறக்கிறது என்றால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். பிரிண்டரைச் சேர்க்கும்போது 11பி என்று முடியும் பிழை வந்தால் கதை வேறு. 2021-இல் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற ஓட்டை ஸ்பூலரில் வெளியான காலத்தில் மைக்ரோசாஃப்ட் பிரிண்டிங்கின் பாதுகாப்பை அடுத்தடுத்து இறுக்கியது. ஆகஸ்டிலிருந்து அட்மின் அல்லாதவர்கள் சர்வரிலிருந்து டிரைவர் ஏற்ற முடியாது, செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு இந்த 11பி பரவலாக வந்தது. விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கினால் போதும் என்று பலர் சொல்வார்கள். வேலை செய்யும்தான், ஆனால் அது பூட்டைக் கழற்றி வைப்பது, நான் அதைச் செய்ய மாட்டேன். சர்வர், கம்ப்யூட்டர் இரண்டிலும் எல்லா அப்டேட்டையும் போடுங்கள், டிரைவரை அட்மின் கணக்கில் ஒருமுறை ஏற்றிக் கொடுங்கள். விண்டோஸ் 11-இன் 22ஹெச்2 பதிப்பிலிருந்து பிரிண்ட் பேச்சுவார்த்தை ஆர்பிசி ஓவர் டிசிபி என்ற வேறு வழிக்கு மாறிவிட்டது, ஆகையால் புதுக் கம்ப்யூட்டர்களில் மட்டும் சிக்கல் என்றால் பழைய வழியான போர்ட் 445-ஐ மட்டும் திறந்துவைத்த ஃபயர்வாலைச் சந்தேகப்படுங்கள்.

டிரைவருக்கு எப்போது வருவது? ஸ்பூலர் சர்வீஸே தானாக விழுந்து விழுந்து எழுந்தால், அதுவும் ஒரே பிரிண்டருக்கு வேலை போகும்போது மட்டும் என்றால். ஈவென்ட் வியூவரில் பிரிண்ட்சர்வீஸின் அட்மின் பதிவுகளையும் பாருங்கள். அப்போதுகூட அழிக்கும் முன், பிரிண்ட் மேனேஜ்மென்டில் அந்த டிரைவரை மட்டும் 'ஐசோலேட்டட்' ஆக்கிப் பாருங்கள், அது விழுந்தாலும் மற்ற பிரிண்டர்கள் ஓடிக்கொண்டிருக்கும்.